சனி, ஞாயிறு மேல்கோட்டை

பெங்களூர்வாசிகளுக்கு வாரக் கடைசி என்றாலே மலை ஞாபகம் வந்துவிடும். நந்தி மலை, சிவகங்கை, தேவராயனதுர்கா, சாவனதுர்கா என்று நகரைச் சுற்றி நாலா திசையிலும் குன்றுகள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே இளைஞர்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்த வரிசையில், சற்றுத் தள்ளி இருந்தாலும், தமிழ் பேசும் குடும்பங்களோடு நெடுங்கால உறவு கொண்ட மலையூர் ஒன்று உண்டு. அதுதான் மேல்கோட்டை. கன்னடத்தில் மேலுகோட்டெ. ஸம்ப்ரதாயத்தில் திருநாராயணபுரம். பழைய பெயர் யாதவகிரி அல்லது யதுகிரி.

நம் சங்க அங்கத்தினர்கள் பல நகரங்களில் பரவியிருப்பதால் இடத்தைச் சற்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டியா மாவட்டம், பாண்டவபுரம் தாலுக்கா. பெங்களூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மண்டியாப் பக்கமிருந்து போனால் ஜக்கனஹள்ளி என்ற ஊரைத் தாண்டியதும் சாலை மலை ஏறத் தொடங்கும். உச்சியில் யோக நரஸிம்மர். அந்தக் குன்று கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரம். அடிவாரத்தில் படித்துறைகளும் மண்டபங்களும் சூழ்ந்த கல்யாணி புஷ்கரிணி. அதை ஒட்டி நாலைந்து வீதிகள், நடுவில் திருநாராயணப் பெருமாள் கோவில். ஊரின் ஓரத்தில், கட்டி முடிக்கப்படாமல் நின்றுவிட்ட ராயகோபுரத்தின் நான்கு நெடிய தூண்கள். மணிரத்னத்தின் 'தளபதி' (1991) படம் பார்த்தவர்கள் மேல்கோட்டையைத் தங்களை அறியாமலேயே பார்த்திருக்கிறார்கள்.

நான் ஸ்ரீவைஷ்ணவன் அல்லன். கும்பகோணத்துப் பக்கத்து ஸ்மார்த்தக் குடும்பம். மல்லேஸ்வரத்தில் முப்பது வருஷம் பக்கத்து வீட்டில் வாழ்ந்த ஒரு மண்டயம் ஐயங்கார் குடும்பத்தோடுதான் முதன்முதலில் அங்கே போனேன். அவர்கள் வீட்டில் பேசிய தமிழ் எனக்குப் புதிதாக இருந்தது. பழைய தமிழ்ச் சொற்களுக்கு நடுவே கன்னட வினைச்சொற்கள் சர்வ சாதாரணமாக வந்து போகும். இந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளப் போய், ஒரு ஊரின் சரித்திரத்தையே படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. மேல்கோட்டையைக் காப்பாற்றியவர்களில் அங்கேயே இருந்தவர்கள் ஒரு பாதி என்றால், விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள் மறு பாதி. இன்று அந்தத் திரும்பி வருதல் சனி, ஞாயிறுகளில் நடக்கிறது. அதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பிரிவில் தொடங்கிய ஊர்

ஸ்ரீராமாநுஜரின் காலம் 1017 முதல் 1137 வரை என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. சோழ மன்னன் ஒருவனின் கொடுமைக்கு அஞ்சி ஸ்ரீரங்கத்தை விட்டு, வெள்ளை உடை தரித்து, மேற்கே ஹொய்ஸள நாட்டுக்கு வந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பாண்டவபுரத்துக்கு அருகிலுள்ள தொண்டனூரில் தங்கினார். பிட்டிதேவன் என்ற விஷ்ணுவர்த்தனனின் ஆதரவு கிடைத்தது. பின்னர் யாதவகிரியில் புதருக்குள் மறைந்திருந்த திருநாராயணனைக் கண்டெடுத்து, தை மாதம் புனர்பூசத்தில் பிரதிஷ்டை செய்தார். நெற்றிக்கு இடும் வெண்மையான திருமண்ணும் இந்த மலையில்தான் அவருக்குக் கிடைத்தது என்பார்கள். சரித்திர ஆசிரியர்கள் ஆண்டுக் கணக்கில் வாதம் செய்வதுண்டு. அந்தச் சோழன் யார் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் தொண்டனூர்க் கோவில்களில் ஹொய்ஸளர் காலத்துத் தமிழ்ச் சாஸனங்கள் இன்றும் இருக்கின்றன. கன்னட நாட்டின் நடுவே தமிழ் பேசிய வைதிகக் குடியிருப்பு ஒன்று வேரூன்றியது கல்லில் பதிந்த உண்மை.

உத்ஸவரான செல்வப்பிள்ளையின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. தில்லி பாதுஷாவின் அரண்மனையில் இளவரசியின் விளையாட்டுப் பொம்மையாக இருந்த மூர்த்தியை ராமாநுஜர் "செல்லப்பிள்ளை வாராய்" என்று அழைக்க, அவர் சலங்கை ஒலிக்க நடந்து வந்தார் என்பது வரலாறு. பிரிவு தாங்காமல் பின்தொடர்ந்து வந்த இளவரசிதான் பீபி நாச்சியார். தில்லியில் சுல்தான் ஆட்சி ஏற்பட்டது 1206-ல். ஆகவே இக்கதை பிற்காலத்தில் உருப்பெற்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. கணக்கு எப்படியிருந்தாலும், வேற்று மதத்துப் பெண் ஒருத்திக்குப் பெருமாளின் திருவடியில் இடம் கொடுத்த ஊர் இது.

செல்வப்பிள்ளையை எடுத்து வரும் வழியில் துணை நின்றவர்கள், அக்காலத்தில் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்கள். அவர்களுக்குத் 'திருக்குலத்தார்' என்ற பெயரைத் தந்து, கோவிலுக்குள் வந்து ஸேவிக்கும் உரிமையையும் ராமாநுஜர் அளித்தார். பிற்காலத்து ஆங்கிலேயர் நூல்கள் இந்த உரிமையைப் பதிவு செய்திருக்கின்றன. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936-ல் வந்தது. மதுரை மீனாக்ஷி கோவில் பிரவேசம் 1939-ல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு வழி திறந்திருந்தது பெருமைக்குரியது. அந்த வழி, நடைமுறையில், வருஷத்தில் மூன்று நாட்களுக்கு மட்டும் என்று குறுகிப் போனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் எழுதினால் அது சரித்திரம் ஆகாது.

சுமார் 12 ஆண்டுகள் இங்கு தங்கிய பின் ராமாநுஜர் ஸ்ரீரங்கம் திரும்ப முடிவு செய்தார். அவரை விட்டுப் பிரிய முடியாமல் கலங்கிய ஐம்பத்திருவர் என்னும் சிஷ்யர்களுக்குத் தம் உருவ விக்ரஹத்தைத் தந்து சென்றார். அதுவே 'தமர் உகந்த திருமேனி'. ஸ்ரீபெரும்பூதூரில் இருப்பது 'தானுகந்த திருமேனி', ஸ்ரீரங்கத்தில் இருப்பது 'தானான திருமேனி'. மூன்றில் மேல்கோட்டைத் திருமேனி மட்டும்தான், விட்டுப் போகிறவர் தங்கிவிடுகிறவர்களுக்காகக் கொடுத்தது. இந்த ஊரின் ஞாபகம் ஒரு பிரிவில்தான் தொடங்குகிறது.

காலி செய்ததும் திரும்பியதும்

மலை மேல் இருந்தாலும் ஊருக்கு நிம்மதி நிலைக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் தில்லிப் படைகள் தெற்கே வந்து ஹொய்ஸள ராஜ்யத்தைக் குலைத்தன. விஜயநகர காலமான 15-ஆம் நூற்றாண்டில் நாகமங்கலத்துத் திம்மண்ண தண்டநாயகர் கோவிலைப் புதுப்பித்தார். மைசூர் உடையார்கள் வந்தபின் ஆதரவு பெருகியது. ராஜ உடையார் (1578–1617) அளித்தது ராஜமுடி. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1799–1868) அளித்தது கிருஷ்ணராஜமுடி. எல்லாவற்றுக்கும் மேலான வைரமுடியோ, கருடன் கொண்டுவந்து சேர்த்ததாக நம்பப்படுவது.

1771-ல் சின்னகுரளி என்ற இடத்தில் மராட்டியர்கள் ஹைதர் அலியைத் தோற்கடித்தார்கள். அது மேல்கோட்டைக்கு மிக அருகில் உள்ள இடம். ஊர் ஜனங்கள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். வந்த படை ஊரைக் கொள்ளையடித்தது. தேர்களில் இருந்த இரும்புக்காக அந்தப் பிரம்மாண்டமான மரத் தேர்களுக்கே தீ வைத்தார்கள் என்று மைசூர் கெஜட்டியர் கூறுகிறது. இந்துப் படை ஒன்றே இந்துக் கோவிலின் தேரைக் கொளுத்தியது என்பதைப் படிக்கும்போது, பழைய யுத்தங்களை இன்றைய கண்ணாடி போட்டுப் பார்ப்பது எவ்வளவு தவறு என்று புரிகிறது.

இன்னொரு ஞாபகமும் உண்டு. பாரத்வாஜ கோத்திரத்து மண்டயம் ஐயங்கார்களில் பலர் நரக சதுர்த்தசியைக் கொண்டாடுவதில்லை. உடையார் அரசியின் சார்பில் ஆங்கிலேயரோடு பேச்சு நடத்திய திருமல ராவின் உறவினர்களைத் திப்பு சுல்தான் அந்த நாளில் கொன்றுவிட்டார் என்பது அவர்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. எத்தனை பேர், எந்த ஆண்டு, எந்த இடம் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு பலமாக இருக்கிறது. திப்பு இதே கோவிலுக்குக் காணிக்கை அளித்தார் என்று எடுத்துக்காட்டுபவர்களும் உண்டு. நான் இதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. விளக்கேற்றாத ஒரு தீபாவளி, ஏடு எதிலும் எழுதி வைக்காமலே, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு செய்தியைத் தாங்கி வந்திருக்கிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். வீட்டில் சொல்லி வந்ததால்தான் அது நின்றது.

மலையிலிருந்து இறங்கியவர்கள்

1831-ல் மைசூர் நிர்வாகத்தை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டதும் அரசு அலுவலகங்கள் பெங்களூருக்கு வந்தன. 1881-ல் ராஜ்யம் மறுபடி உடையார்கள் கைக்கு வந்தபோது திவானாக இருந்தவர் ரங்காசார்லு. அடுத்து வந்தவர் சேஷாத்ரி ஐயர். இருவரும் சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்கள். இங்கிலீஷ் படித்தால் சர்க்கார் உத்தியோகம் என்ற வழி திறந்தது. 1880-களில் பெங்களூர்–மைசூர் ரயில் பாதையும் வந்துவிட்டது. அக்கிரகாரத்துப் பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கி மைசூருக்கும், அங்கிருந்து பெங்களூருக்கும் வந்தார்கள். 1898-ல் பெங்களூரைப் பிளேக் தாக்கிய சமயத்தில் உருவான மல்லேஸ்வரமும் பஸவனகுடியும் இவர்களுக்கு இடம் கொடுத்தன. மல்லேஸ்வரத்துப் பழைய வீடுகளின் வாசலில் 'யதுகிரி', 'திருநாராயண', 'ராமப்ரிய' என்ற பெயர்களை நானே பார்த்திருக்கிறேன். பல வீடுகள் இப்போது அடுக்குமாடிகளாகிவிட்டன.

சென்னைப் பக்கம் போன மண்டயம் குடும்பங்கள் நம் தேசத்தின் சரித்திரத்திலேயே இடம் பெற்றன. விவேகானந்தரை 1893-ல் சிகாகோவுக்கு அனுப்ப வீடு வீடாகப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாள் (1865–1909) மண்டயம் குலத்தவர். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வாரப் பத்திரிகையை 1906-ல் சென்னையில் தொடங்கியவர்கள் மண்டயம் குடும்பத்தினர். 1908-ல் அடக்குமுறை வந்தபோது பத்திரிகையும் பாரதியும் புதுச்சேரிக்குப் போனார்கள். பத்திரிகையோடு தொடர்புகொண்டிருந்த எம்.பி.டி. ஆசார்யா (1887–1954) லண்டன், பெர்லின் என்று சுற்றி, 1920-ல் தாஷ்கண்டில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி அமைந்தபோது அங்கேயும் இருந்தார்!

புதுச்சேரியில் பாரதியின் மடியில் விளையாடி வளர்ந்து, பிற்காலத்தில் 'பாரதி நினைவுகள்' என்ற அருமையான நூலை எழுதிய அம்மையாரை நம்மில் பலர் அறிவோம். மண்டயம் ஸ்ரீநிவாஸாசாரியாரின் புதல்வி அவர். பெயர் யதுகிரி அம்மாள். நூலைப் படித்தபோது பெயரைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? குடும்பம் கடற்கரைக்குப் போன பிறகும் தங்கள் பெண்ணுக்கு மலையின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஊரிலேயே பிறந்தவர்களில் கன்னடக் கவி பு.தி. நரஸிம்மாசார் (1905–1998) முக்கியமானவர். வீட்டு மொழி தமிழ், எழுத்து மொழி கன்னடம். 1966-ல் ஸாஹித்ய அகாதெமி பரிசு பெற்றார். அவர் வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. தமிழக முதல்வராக இருந்த ஜெயலலிதா 1948-ல் பிறந்ததும் மேல்கோட்டையில்தான்.

நட்சத்திரக் கணக்கும் கிழமைக் கணக்கும்

இப்போது வாரக் கடைசிக்கு வருகிறேன். நம் பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்ற ஒன்றே கிடையாது. வேத பாடசாலையில் விடுமுறை திதியைப் பொறுத்தது. பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, பௌர்ணமி, அமாவாசை ஆகியவை அநத்யயன நாட்கள். அன்று புதுப் பாடம் இல்லை. உழவனுக்கு மழைதான் விடுமுறை தரும். ஞாயிறு விடுமுறை வெள்ளைக்காரர்களின் மாதா கோவில் கணக்கில் அலுவலகங்களுக்கு வந்தது. பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு அது கிடைத்தது 1890-ல், நாராயண் மேகாஜி லோகண்டே நடத்திய போராட்டத்தின் பலனாக. மத்திய அரசு அலுவலகங்களில் ஐந்து நாள் வேலை வாரம் வந்தது 1985-ல். பின்னர் கணினி நிறுவனங்கள் பெங்களூருக்குச் சனிக்கிழமையையும் சேர்த்துக் கொடுத்தன.

மேல்கோட்டை இன்னமும் பழைய கணக்கில்தான் ஓடுகிறது. பங்குனி பிரம்மோத்ஸவத்தில் வரும் வைரமுடி ஸேவை எந்தக் கிழமையில் விழும் என்பதைப் பஞ்சாங்கம்தான் தீர்மானிக்கும். அன்று மண்டியா அரசுக் கருவூலத்திலிருந்து வைரமுடிப் பெட்டி போலீஸ் காவலோடு புறப்படும். வழியெல்லாம் கிராமத்து மக்கள் கோலமிட்டு, ஆரத்தி எடுத்து வரவேற்பார்கள். முடியைச் சாற்றும் அர்ச்சகர் அதை வெறும் கண்ணால் பார்க்கலாகாது என்பது ஐதீகம். ராத்திரி முழுவதும் கருட வாகனத்தில் செல்வப்பிள்ளை வீதி வலம் வருவார். பொழுது விடிவதற்குள் வைரமுடியைக் களைந்து ராஜமுடியைச் சாற்றிவிடுவார்கள். தீபாவளியை அடுத்து அஷ்டதீர்த்தோத்ஸவம். மலையைச் சுற்றியுள்ள எட்டு தீர்த்தங்களுக்கும் ஜனங்கள் நடந்து போவார்கள். சித்திரைத் திருவாதிரையில் எம்பெருமானார் திருநக்ஷத்திரம். தைப் புனர்பூசத்தில் பிரதிஷ்டை நாள்.

இந்த நாட்களில் ஊர் தானாகவே நிரம்பிவிடும். வைரமுடிக்கு லட்சக்கணக்கில் கூட்டம். ஆனால் அந்தக் கூட்டத்தில் யாரும் யாரிடமும் உட்கார்ந்து பேச முடியாது. உத்ஸவம் முடிந்த மறுநாள் பஸ் ஏறிவிடுகிறார்கள். மீதி நாட்களில் ஊருக்கு வருகிறவர்கள் சனி, ஞாயிறுப் பிரயாணிகள்தான். 2023 மார்ச்சில் பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலை திறக்கப்பட்ட பின் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்புவது சுலபமாகிவிட்டது. வருகிறார்கள், தரிசனம் செய்கிறார்கள், படி ஏறி நரஸிம்மரை ஸேவிக்கிறார்கள், புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிடுகிறார்கள், ராயகோபுரத்தின் முன் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. சாப்பாடு நன்றாகவே இருக்கும்! கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் பிழைப்பு நடக்கிறது. ஆனால் பூட்டிய கதவுகள் பூட்டியபடியே இருக்கின்றன. நம் குடும்பங்களின் வேர் இருக்கும் ஊரில் நாமும் பிரயாணிகளாகவே வந்து போகிறோம்.

எங்கள் இரண்டாம் சனிக்கிழமை

மல்லேஸ்வரத்தில் எங்கள் நண்பர் வட்டத்தில் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சில வருஷங்களாக, முடிந்த இரண்டாம் சனிக்கிழமைகளில் ஒரு வேன் பேசிக்கொண்டு போய் ஞாயிறு திரும்புகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர். சங்கம், பெயர்ப் பலகை, தலைவர், பொருளாளர் எதுவும் இல்லை. காலையில் தரிசனம். பிறகு, உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, குளக்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளையும் பாட்டில்களையும் பொறுக்குவோம். ஊர்ப் பையன்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது அவர்களே சாக்குப் பையோடு வருகிறார்கள். அவர்களில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் உண்டு.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முக்கியமான வேலை. ஏதாவது ஒரு திண்ணையில் ஊர்ப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துப் பேசச் சொல்வோம். ஒருவர் எழுதுவார், ஒருவர் கைபேசியில் பதிவு செய்வார். எந்த வீதியில் யார் வீடு, எந்தக் குளத்தில் குடிதண்ணீர் எடுத்தார்கள், எந்த மண்டபத்தில் யார் பாடம் சொன்னார்கள், மழை பொய்த்த வருஷத்தில் என்ன செய்தார்கள், இவைதான் கேள்விகள். சாயங்காலம் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டுவோம். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் "அது அப்படி இல்லை, அவர் பெரியப்பா பிள்ளை" என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களுக்கே தனி நோட்டுப் புத்தகம் போட வேண்டியிருக்கிறது.

ஊரில் இதற்கு உதவும் இடங்களும் உண்டு. 1970-களில் ஏற்பட்ட ஸம்ஸ்க்ருத ஆராய்ச்சிக் கழகத்தில் ஓலைச்சுவடிகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயணோடு பணியாற்றிய சுரேந்திர கௌலகி 1960-ல் தொடங்கிய ஜனபத ஸேவா டிரஸ்ட், கைத்தறிக் கதர், மாற்றுத் திறனாளிக் குழந்தைகள் பராமரிப்பு என்று இயங்கி வந்திருக்கிறது. வேதாந்தம் மட்டுமே ஊரின் சரித்திரம் என்று நினைத்துப் போன எங்களுக்குத் தறியும் அதில் சேர்ந்தது என்று புரியவைத்தது அந்த இடம்தான். கோவில் வீதிகளுக்கு வெளியே வாழும் திருக்குலத்தார் குடும்பங்களின் பெரியவர்களிடமும் பேசத் தொடங்கியிருக்கிறோம். செல்வப்பிள்ளை கதையை அவர்கள் சொல்லும்போது மூர்த்தியைச் சுமந்தவர்கள்தான் கதாநாயகர்கள். நாங்கள் கேட்டு வளர்ந்த கதையில் அவர்களுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

திண்ணைப் பேச்சில் எங்களுக்கு அதிகம் சொன்னவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மாமி. பிள்ளைகள் வெளிநாட்டில், தனியாக இருந்தார். வீதியின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து, வீடு வீடாக, யார் இருந்தார்கள், எந்த வருஷம் எந்த ஊருக்குப் போனார்கள், யார் ஆத்துப் பெண்ணை யார் ஆத்துக்குக் கொடுத்தார்கள் என்று சொல்வார். "இவா பூனாவுக்குப் போனா. இவா தில்லி செக்ரடேரியட். இவா போனது மட்டும்தான் தெரியும்" என்பார். வடக்கு வரிசை முழுவதும் சொல்லி முடித்தார். "தெற்கு வரிசையை அடுத்த தடவை சொல்றேன், சாவகாசமா வாங்கோ" என்று காப்பி கொடுத்து அனுப்பினார். அடுத்த மாதம் நாங்கள் போனபோது அவர் வீடும் பூட்டியிருந்தது. அதற்குப் பத்து நாள் முன்புதான் பரமபதித்திருந்தார்.

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் அந்த வீதியின் வடக்கு வரிசை இருபத்து மூன்று வீடுகள் பெயரோடு இருக்கின்றன. தெற்கு வரிசைக்கு எண்கள் மட்டும் போட்டு வைத்திருக்கிறோம். கல்வெட்டுகளைப் படியெடுக்க பி.எல். ரைஸ் போன்றவர் வந்தார். அவர் தொகுத்த எபிகிராபியா கர்நாடிகா தொகுதிகள் நூலகங்களில் இருக்கின்றன. ராஜாக்களும் தண்டநாயகர்களும் கொடுத்த தானம் அவற்றில் பத்திரமாக இருக்கும். தெற்கு வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருந்தார் என்பதை எந்த ராஜாவும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இந்தத் தெற்கு வரிசை வீட்டுக்காரர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? பூனா, தில்லி, பம்பாய், கல்கத்தா, நியூஜெர்ஸி. அவர்களில் சிலராவது, அல்லது அவர்களின் சம்பந்திகளாவது, இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கக்கூடும். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

மேல்கோட்டையோடு சம்பந்தமில்லாத அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். எல்லோருக்கும் ஒரு ஊர் உண்டு. அது மலையாக இல்லாமல் காவிரிக் கரையாக இருக்கலாம், தாமிரபரணிக் கரையாக இருக்கலாம், பாலக்காட்டு கிராமமாக இருக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்துக்கோ ஸமாராதனைக்கோ போகிறோம். கூட்டத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கிறோம். அதைத் தவிர, உத்ஸவம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண சனி, ஞாயிறை ஊருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

அனுபவத்தில் கண்ட சில சங்கதிகளைச் சொல்கிறேன். முதலாவது, பழைய போட்டோக்களைக் கையோடு எடுத்துப் போங்கள். பெரியவர்களுக்குக் கேள்வியைவிட படம்தான் பேச்சை வரவழைக்கும். யார் யார் என்று தெரிந்ததும் பின்புறத்தில் பென்சிலால் பெயரும் வருஷமும் எழுதிவிடுங்கள். இரண்டாவது, பேசுகிறவரின் பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். மேல்கோட்டைத் தமிழின் கன்னடக் கலப்பும், பாலக்காட்டுத் தமிழின் மலையாளக் கலப்பும் சரித்திரத்தின் ஒரு பகுதியே, பிழை அல்ல. மூன்றாவது, அக்கிரகாரத்தோடு நின்றுவிடாதீர்கள். குயவர் தெரு, தறிக்காரர் வீடு, திருக்குலத்தார் குடியிருப்பு எல்லாவற்றுக்கும் போங்கள். நம்மைப் பற்றி அவர்களுக்கு ஞாபகம் இருப்பது நமக்கே தெரியாத விஷயமாக இருக்கும். சில சமயம் கேட்கச் சங்கடமாகவும் இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது, எழுதியதில் ஒரு பிரதியை ஊரிலேயே, பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ, வைத்துவிட்டு வாருங்கள்.

பேரன் பேத்திகளை அழைத்துப் போவதும் நல்லது. எங்களோடு ஒரு முறை வந்த பதினோரு வயதுப் பையன் கல்யாணியின் படித்துறையில் உட்கார்ந்து, "தாத்தா, ராமாநுஜர் இங்கே இருந்தபோது அவர் ஊர் இதுவா, ஸ்ரீரங்கமா?" என்று கேட்டான். எங்களில் ஒருவருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பெங்களூரில் பிறந்து, தமிழ் பேசி, கன்னடம் படிக்கிற அந்தப் பையனுக்கு அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று எங்களுக்குப் புரிந்தது.

மேல்கோட்டைத் திருவீதிகளில் ஒன்றில் உங்கள் கொள்ளுத் தாத்தா வீடு இருந்ததாக உங்கள் வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருந்தால், வீட்டுக்கு எதிரே என்ன இருந்தது, வாசலில் எந்த மரம் நின்றது, எந்த வருஷம் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள் என்பதை ஒரு தபால் கார்டு அளவுக்கு எழுதி இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். அவர் எங்களுக்குச் சேர்ப்பிப்பார். எண் மட்டும் போட்டு வைத்திருக்கும் தெற்கு வரிசையில் ஒரு பெயராவது ஏறட்டும்.